கண்ணாடிக்கு உள்ளே பதினொரு பெரியவர்கள்: ஒரு கொண்டோ நீச்சல் குளத்தில் நடந்தது

பின்னணி

நான் சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளராக வேலை பார்க்கிறேன். விபத்தோ, நூலிழையில் தப்பிய சம்பவமோ நடந்தால் என்ன நடந்தது, யார் என்ன நினைத்து எதைச் செய்தார்கள், இனி எதை மாற்ற வேண்டும் என்று விசாரித்து எழுதுவது என் வேலை. இந்த முறை நான் எழுதுவது என் சொந்தக் குடும்பத்தில் நடந்ததை. என் அக்காவும் அத்தானும் எழுதச் சொன்னார்கள். பதினான்கு வயதான என் மகள் முழுவதையும் படித்துச் சரி என்று சொன்ன பிறகே வெளியிடுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஜூன் பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை. அக்கா மகளுக்கு ஒன்பதாவது பிறந்தநாள். நாங்கள் இருக்கும் கொண்டோவில், அதாவது தனியார் அடுக்குமாடிக் குடியிருப்பில், நீச்சல் குளத்தை ஒட்டி ஒரு ஃபங்ஷன் ரூம் இருக்கிறது. அதை நான்தான் பதிவு செய்தேன். பிள்ளைகள் ஒன்பது பேர்: ஐந்து முதல் ஒன்பது வயதுக்குள் ஐந்து பேர், பதின்மூன்று முதல் பதினைந்துக்குள் நான்கு பேர். பெரியவர்கள், அக்கா வீட்டுப் பணிப்பெண்ணையும் சேர்த்து, பதினொரு பேர்.

பெரிய பிள்ளைகள் நால்வருக்கும் நீச்சல் தெரியும். 2010 முதல் இங்கே நடக்கும் ஸ்விம்சேஃபர் திட்டத்தில் தொடக்கப்பள்ளியிலேயே பயிற்சி பெற்றவர்கள். என் மகள் அதில் வெள்ளி நிலை வரை தேறியவள். அக்காவின் மகனுக்கு ஐந்து வயது, உயரம் 108 சென்டிமீட்டர், நீச்சல் தெரியாது. ஆனால் தண்ணீர் என்றால் உயிர். காற்று ஊதிய ஃப்ளோட்ஸை இரண்டு கையிலும் மாட்டிவிட்டால் நாள் முழுக்கக் குளத்தில் கிடப்பான்.

குளத்தின் வாசலில் நான்கு மொழியிலும் ஒரு பலகை இருக்கிறது: இங்கு உயிர்காப்பாளர் பணியில் இல்லை. தினமும் அதைத் தாண்டித்தான் போகிறேன்.

அன்றைய திட்டமும் அது கலைந்த விதமும்

காலை ஒன்பதரை முதல் பன்னிரண்டு வரை குளம், ஒரு மணிக்குச் சாப்பாடு, பிறகு கேக். இதுதான் திட்டம். திட்டத்தில் தவறில்லை, ஏனென்றால் நீரும் சாப்பாடும் தனித்தனியாக இருந்தன.

ஒன்பது மணிக்கே இடி தொடங்கிவிட்டது. காவலாளி குளத்தை மூடினார். அவர் செய்தது முற்றிலும் சரி. இடி கேட்கும்போது திறந்தவெளி நீரில் யாரும் இருக்கக் கூடாது. சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 170 நாட்கள் இடி கேட்கிறது. ஜூனில் விடிகாலையிலும் காலையிலும் சுமத்ரா பக்கமிருந்து வரும் சூறைக்காற்று மழை இங்கே யாருக்கும் புதிதல்ல. ஆகவே 'திடீர் மழை' என்று நான் எழுத மாட்டேன். மழை வந்தால் என்ன செய்வது என்ற இரண்டாவது திட்டம் என்னிடம் இல்லை, அவ்வளவுதான்.

குளம் மறுபடி திறந்தபோது மணி பன்னிரண்டேகால். பிள்ளைகள் காலையிலிருந்து நீச்சல் உடையோடு காத்துக் கிடந்தார்கள். பிரியாணி பன்னிரண்டே முக்காலுக்கு வந்து சேர்ந்தது. குளமும் சாப்பாடும் ஒரே நேரத்தில் நடக்கட்டும் என்று அங்கேயே நின்றபடி முடிவு செய்தேன். பிள்ளைகள் ஏமாறக் கூடாது, சாப்பாடு ஆறக் கூடாது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

மழை விட்ட பிறகு அடித்த வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். தரை ஆவி விட்டது. முதலில் நான்கைந்து பெரியவர்கள் குளத்தோரம் நின்றார்கள். அரை மணி நேரத்தில் ஒவ்வொருவராக ஏர்கான் அறைக்குள் போய்விட்டார்கள். அறைக்கும் குளத்துக்கும் நடுவே கண்ணாடிக் கதவும் கண்ணாடிச் சுவரும்தான். உள்ளிருந்தே எல்லாம் தெரியும் என்று எல்லோரும் நினைத்தோம். குளிர்ந்த கண்ணாடியின் வெளிப்புறத்தில் ஈரம் படிந்து, கீழ்ப்பாதி பால் போல் மங்கியிருந்தது. அன்று அது யார் மனதிலும் உறைக்கவில்லை.

உள்ளே போகும்போது என் மகளிடம், "தம்பியப் பாத்துக்கம்மா" என்றேன். அவள் "சரிப்பா" என்றாள். அப்போது மணி பன்னிரண்டரை. சிறுவன் கணுக்கால் ஆழமுள்ள சின்னக் குளத்தில், ஃப்ளோட்ஸோடு, பணிப்பெண் பக்கத்தில் இருந்தான்.

1.20 முதல் 1.39 வரை

இந்தப் பகுதியை என் நினைவை நம்பி எழுதவில்லை. மறுவாரம் நிர்வாக அலுவலகத்தில் அமர்ந்து கண்காணிப்புக் கேமராப் பதிவைப் பார்த்தேன். மூன்று முறை பார்த்தேன்.

1.20-க்கு எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டோம். சின்னப் பிள்ளைகள் ஐவரும் வந்தார்கள். பெரிய பிள்ளைகள் நால்வரும் "இன்னும் பத்து நிமிஷம்" என்றார்கள். சரி என்றேன். ஃப்ளோட்ஸோடு கரண்டி பிடிக்க முடியாது என்பதால் சிறுவனின் கையிலிருந்து அவற்றைக் கழற்றி நாற்காலியில் போட்டோம். பணிப்பெண்ணைத் தட்டு எடுத்துவைக்கக் கூப்பிட்டது என் அம்மா.

1.34-க்கு அவன் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு இறங்கி, கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனான். அக்கா அதைப் பார்த்தாள். பெரிய பிள்ளைகளிடம் போகிறான் என்று நினைத்தாள். என் மகளோ அவன் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான் என்று நினைத்தாள். இருவர் நினைத்ததிலும் நியாயம் இருந்தது.

அவன் சின்னக் குளத்துக்குப் போகவில்லை. பெரிய குளத்தின் படிகளில் இறங்கினான். அங்கே ஆழம் 1.2 மீட்டர். 1.36-க்கு இரண்டாவது படியில் நின்று தண்ணீரைத் தட்டி விளையாடினான். முப்பது விநாடி கழித்துப் படியைவிட்டு நழுவினான்.

அடுத்த இருபத்தைந்து விநாடிகளை விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் படிப்பவர்களுக்கு இது என்றாவது உதவும். அவன் கத்தவில்லை. கையை மேலே தூக்கி ஆட்டவில்லை. உடம்பு நெட்டுக்குத்தாக நின்றது. தலை பின்னால் சாய்ந்து, வாய் தண்ணீர் மட்டத்தில் மூழ்கி மூழ்கி எழுந்தது. இரண்டு கையும் பக்கவாட்டில் தண்ணீரைக் கீழ்நோக்கி அழுத்தின. ஏணியில் ஏற முயல்கிற மாதிரி இருந்தது. ஃபிராங்க் பியா என்ற அமெரிக்க உயிர்காப்பாளர் பல ஆண்டுகளுக்கு முன்பே இதைக் கவனித்து விவரித்திருக்கிறார். மூச்சுக்கே வழியில்லாதபோது குரல் வராது. கையும் சொன்னபடி கேட்காது. இந்தப் போராட்டம் இருபது முதல் அறுபது விநாடிவரைதான். முதலுதவி வகுப்பில் நான் இதைப் படித்திருக்கிறேன். என் மருமகனிடம் பதிவில் பார்த்தேன்.

பிறகு அவன் குப்புறக் கவிழ்ந்தான். வெளிர் நீலச் சட்டை, நீல ஓடு பதித்த குளம். எங்கே தேடுவது என்று தெரிந்திருந்தும், பதிவில் அவனைக் கண்டுபிடிக்க எனக்குச் சில விநாடி ஆனது.

1.37 தாண்டி ஐம்பது விநாடி இருக்கும்போது என் மனைவியின் தம்பி கதவுக்கு வந்து குளத்தைப் பார்த்தார். ஆறு விநாடி நின்றார். உள்ளே திரும்பிவிட்டார். இந்த விசாரணையில் என்னை மிகவும் உலுக்கியது இந்த இடம்தான். அவர் அசட்டையாக இருக்கவில்லை. பிள்ளைகளைப் பார்க்கத்தான் வந்தார். குளத்தில் மூன்று பேர் முகம் கவிழ்ந்து அசையாமல் மிதந்தார்கள். ஆழமான பக்கத்தில் இரண்டு பையன்கள் யார் அதிக நேரம் மூச்சடக்குவது என்று போட்டி போட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்றாவதையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்.

என் மகள் அந்தப் போட்டிக்கு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள், படிகளுக்கு முதுகு காட்டியபடி. 1.38 முடியும் நேரத்தில் திரும்பினாள். "அவன் ஏன் எந்திரிக்கல?" என்று சொன்னதாக அவளுக்கு நினைவிருக்கிறது. பதினைந்து விநாடியில் அவனைக் கரைக்கு இழுத்து வந்தாள். அதன்பிறகு அவள் போட்ட சத்தம்தான் எங்கள் பதினொரு பேரையும் வெளியே கொண்டுவந்தது.

கரையில் எடுத்த முடிவுகள்

அவன் நீரில் கவிழ்ந்து கிடந்தது ஏறத்தாழ இரண்டு நிமிடம். உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு இல்லை.

பெரியப்பா, "தலகீழாப் புடி, வயித்த அமுக்கு, தண்ணி வெளிய வந்துரும்" என்றார். தஞ்சாவூர்ப் பக்கம் குளத்தங்கரையில் வளர்ந்தவர். சின்ன வயதில் ஊரில் பார்த்ததைச் சொன்னார். கையும் நீட்டிவிட்டார். பக்கத்து பார்பெக்யூ மேசையில் இருந்த இளம்பெண் ஒருத்தி ஓடிவந்து, தரையில் மல்லாக்கப் படுக்க வைக்கச் சொன்னாள். பலதுறைத் தொழிற்கல்லூரியில் தாதிமை படிக்கிறவள் என்று பின்னால் தெரிந்தது. அவள் குரலில் இருந்த உறுதிக்குப் பெரியப்பா ஒதுங்கிக்கொண்டார். வயிற்றை அழுத்தியிருந்தால் வயிற்றில் இருப்பது மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கலாம். அதைவிட, அரை நிமிடமாவது வீணாகியிருக்கும்.

அவள் முதலில் மூச்சு ஊதினாள். மாரடைப்பால் இதயம் நின்றுபோனவருக்கு நெஞ்சை அழுத்துவதில்தான் தொடங்குவோம். மூழ்கியவருக்கு இதயம் நிற்பதற்குக் காரணமே காற்று இல்லாததுதான். அதனால் மூச்சு முதலில். பிறகு நான் அழுத்தினேன், அவள் ஊதினாள், முப்பதுக்கு இரண்டு. குழந்தைக்கு நெஞ்சின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஐந்து சென்டிமீட்டர் அளவுக்கு அழுத்த வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பொம்மையை அழுத்திப் பழகிய கை இது. அவன் நெஞ்சு எவ்வளவு சிறியது என்பதை அந்தக் கை இன்னும் மறக்கவில்லை.

அத்தான் ஆம்புலன்ஸுக்கான 995-ஐ அழைத்து ஸ்பீக்கரில் போட்டார். எதிர்முனையில் இருந்தவர் அழுத்தங்களை எங்களோடு சேர்ந்து எண்ணினார். தொலைபேசியை வைத்துவிட்டுக் கீழே ஓடாமல் அத்தான் அங்கேயே நின்றது நல்லதாயிற்று. வாசலைத் திறந்துவைக்கவும், இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி கருவியைக் கொண்டுவரவும் காவலாளிக்கு ஆளனுப்பினோம். கருவி வருவதற்குள் துண்டால் அவன் நெஞ்சைத் துடைத்து உலர்த்திவைத்தோம்.

கருவி தேவைப்படவில்லை. நான்காவது சுற்றில் அவன் வாந்தி எடுத்தான். பக்கவாட்டில் திருப்பினோம். இருமினான், அழுதான். அழுகைச் சத்தம் கேட்டு என் அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மருத்துவமனையில்

ஆம்புலன்ஸ் ஒன்பது நிமிடத்தில் வந்தது. அதற்குள் அவன் அம்மா மடியில் பேசத் தொடங்கியிருந்தான். நன்றாகத்தானே இருக்கிறான், வீட்டுக்கே போகலாமே என்று சிலர் சொன்னார்கள். மருத்துவ உதவியாளர்கள் விடவில்லை. நானும் விடவில்லை. நுரையீரலுக்குள் போன நீர் உடனே வேலையைக் காட்ட வேண்டும் என்றில்லை. அடுத்த சில மணி நேரத்தில் மூச்சு திணறலாம், ஆக்சிஜன் அளவு இறங்கலாம். அவனுக்கும் மாலையில் காய்ச்சல் வந்தது, மூச்சு வேகமானது. ஆக்சிஜன் வைத்தார்கள். மார்பு எக்ஸ்ரேயில் கொஞ்சம் நீர் தெரிந்தது. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தான். நடையிலும் பேச்சிலும் நினைவிலும் குறை எதுவும் இல்லை.

அந்த மூன்று நாளும் உறவினர் வாட்ஸ்அப் குழுவில் 'உலர் மூழ்கல்' என்று செய்திகள் ஓடின: ஒரு வாரம் கழித்துத் தூக்கத்திலேயே போய்விடும் என்கிற மாதிரி. அக்கா தூங்காமல் அவன் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு நோயை மருத்துவ உலகம் இப்போது ஏற்பதில்லை என்று மருத்துவர் அவளிடம் பொறுமையாக விளக்கினார். மோசமாகும் பிள்ளைக்கு முதல் சில மணி நேரத்திலேயே இருமலோ திணறலோ அளவுமீறிய சோர்வோ தெரியும். அதைக் கவனிக்கத்தான் மருத்துவமனை.

விசாரணையில் கண்டது

கப்பலின் தொட்டிக்குள், அடைபட்ட இடத்துக்குள் ஆள் இறங்குவதென்றால் வாசலில் ஓர் அட்டெண்டன்ட் நிற்க வேண்டும். 2009-இல் வந்த விதிமுறை அதைக் கட்டாயமாக்குகிறது. அவர் உள்ளே இருப்பவர்களோடு தொடர்பில் இருக்க வேண்டும். வேறு வேலை செய்யக் கூடாது. மாற்று ஆள் வராமல் நகரக் கூடாது. யாராவது அந்த ஆளிடம் "அந்த வயரைக் கொஞ்சம் பிடி" என்று சொன்னால் நான் வேலையையே நிறுத்திவிடுவேன். பதினாறு ஆண்டாக இதைச் செய்கிறேன்.

குளத்தில் அன்று அந்த இடத்தில் யாரும் இல்லை. ஒருவரும் இல்லாத இடத்தைவிட அது ஆபத்தானது, ஏனென்றால் இருபது பேர் இருந்தோம். ஒவ்வொருவருக்கும் வேறு ஒருவர் பார்க்கிறார் என்ற நிம்மதி இருந்தது.

பணிப்பெண்ணிடம் தனியாகப் பேசினேன். தட்டு எடுக்கக் கூப்பிட்டபோது, "பையன் வெளிய போயிருவான்" என்று சொல்ல நினைத்ததாகவும், அத்தனை பேர் முன்னால் என் அம்மா சொன்னதை மறுக்கத் தயங்கியதாகவும் சொன்னார். தனக்கு நீச்சல் தெரியாது என்பதையும் அன்றுதான் முதல்முறையாகச் சொன்னார். அவர் வேலைக்கு வந்து இரண்டு வருடத்தில் யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை. குடும்பத்தில் ஆபத்தை முன்கூட்டியே கண்ட ஒரே ஆள் அவர்.

பதின்ம வயதுப் பிள்ளைகள்

மருத்துவமனை வராந்தாவில் என் அம்மா என் மகளிடம், "உங்கிட்டதான விட்டுட்டுப் போனாங்க" என்று கேட்டுவிட்டார். என் மகள் பதில் சொல்லவில்லை. அன்று இரவு குடும்பக் குழுவில் நானே எழுதினேன்: வேலையைக் கொடுத்தது நான், கொடுத்திருக்கக் கூடாது. எவ்வளவு நேரம் என்று சொல்லவில்லை. அவன் உள்ளே வந்தபோது அவளிடம் சொல்லவில்லை, வெளியே போனபோதும் சொல்லவில்லை. பதினான்கு வயதுப் பிள்ளை தண்ணீருக்குள் விளையாடிக்கொண்டே காவல் இருக்க முடியாது. அவளும் அங்கே காக்கப்பட வேண்டிய பிள்ளைதான். நீந்தத் தெரிவது வேறு, கண்காணிப்பது வேறு.

மூச்சடக்கும் போட்டி தனியாகவே ஓர் ஆபத்து. பையன்கள் மூவரையும் உட்காரவைத்துப் பேசினேன். இறங்கும் முன் பத்துப் பதினைந்து முறை வேகமாக மூச்சு இழுத்து விடுவார்களாம், காணொளி ஒன்றைப் பார்த்துக் கற்றது. மூச்சுவிடத் தூண்டுவது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவு அல்ல, இரத்தத்தில் சேரும் கரியமில வாயு. வேகமாக மூச்சு விட்டால் அந்த வாயு முன்கூட்டியே குறைந்துவிடும். மூச்சு முட்டும் உணர்வே வராது. ஆக்சிஜனோ தீர்ந்துகொண்டே போகும். எச்சரிக்கை இல்லாமல் நினைவு தப்பிவிடும். நல்ல நீச்சல்காரர்களுக்கும் இது நடக்கும். பதினைந்து வயதுக்காரன் தலையைக் குனிந்துகொண்டே, "ஒரு தடவ எல்லாம் கறுப்பாயிருச்சு மாமா" என்றான். அன்று நாங்கள் இரண்டு பிள்ளைகளை இழந்திருக்கலாம்.

மாற்றியவை

அம்மா இனிக் குளமே வேண்டாம் என்றார். அவர் பயம் எனக்குப் புரிகிறது, ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை. சுற்றிலும் கடல், ஊருக்குள் கால்வாயும் நீர்த்தேக்கமும், வருடம் முழுக்க வெயில். இந்தத் தீவில் வளரும் பிள்ளையைத் தண்ணீரிலிருந்து மறைத்துவைக்க முடியாது. இரண்டு மாதம் கழித்து, மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, அவனை நீச்சல் வகுப்பில் சேர்த்தோம்.

சிவப்பு நாடாவில் ஒரு விசில் வாங்கினேன். அது யார் கழுத்தில் இருக்கிறதோ அவர்தான் காவல். பெரியவராக இருக்க வேண்டும், நீந்தத் தெரிய வேண்டும், கையில் தட்டும் தொலைபேசியும் இருக்கக் கூடாது. பதினைந்து நிமிடம் மட்டும். வெயிலில் அதற்குமேல் கவனம் நிற்காது. அன்று எங்களை உள்ளே விரட்டியதே வெயில்தானே. அதனால் குடையும் குளிர்ந்த தண்ணீரும் அந்த இடத்திலேயே இருக்கும். நாடாவை மாற்றும்போது இருவரும் தலையை எண்ணி, எண்ணிக்கையைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். நீச்சல் தெரியாத பிள்ளை நீரில் இருந்தால், காவலுக்கு நிற்பவரைத் தவிர இன்னொருவர் கையெட்டும் தூரத்தில் நீருக்குள் இருக்க வேண்டும்.

சாப்பாடு என்றால் எல்லோரும் வெளியே, வயது வித்தியாசம் இல்லாமல். 'இன்னும் பத்து நிமிஷம்' இல்லை. இடி மழையால் நேரம் போனால் அன்றைக்கு நீச்சல் இல்லை, சாப்பாடு மட்டும். ஃப்ளோட்ஸைத் தூக்கிப் போட்டுவிட்டு உடம்போடு பூட்டும் உயிர்காப்பு அங்கி வாங்கினோம். குளத்து வேலியைத் தாண்டிய பிறகே அதைக் கழற்றலாம். நீலச் சட்டை போய் ஆரஞ்சுச் சட்டை வந்தது. மூச்சடக்கும் போட்டிக்குத் தடை. ஏன் என்று பையன்களுக்கே தெரியும் என்பதால் அவர்களே சின்னவர்களைத் தடுக்கிறார்கள். அத்தான், அக்கா, என் மனைவி, அவர் தம்பி நால்வரும் நெஞ்சை அழுத்தி மூச்சு ஊதும் சிபிஆர் முதலுதவி வகுப்புக்குப் போய்வந்தார்கள். பெரியப்பாவும் கூடப் போய் உட்கார்ந்து கேட்டார்.

பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்லியிருக்கிறோம். யாராவது மூழ்குவதைப் பார்த்தால் கத்து, மிதவையை எறி, குதிக்காதே. என் மகள் நின்றது நிலை கொள்ளும் ஆழத்தில், தூக்கியது பதினெட்டுக் கிலோ பிள்ளையை. கிழக்குக் கடற்கரையில் தன் வயதுத் தோழியைக் காப்பாற்ற இறங்கினால் இருவரும் போய்விடக்கூடும். மூழ்குபவர் கைக்குக் கிடைப்பதைப் பிடித்து அதன்மேல்தான் ஏறுவார்.

இன்னும் முடியாதவை

டிசம்பர் விடுமுறையில் மறுபடி கூடினோம். நாடா ஆறு கழுத்து மாறியது. முதல் முறை என் மனைவியின் தம்பி கேட்டு வாங்கி நின்றார். பணிப்பெண்ணை அன்று யாரும் தட்டு எடுக்கக் கூப்பிடவில்லை. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

என் மகள் குளத்தில் இறங்கவில்லை. பள்ளி ஆலோசகரிடம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பேசுகிறாள். இறங்கச் சொல்லி நாங்கள் யாரும் கேட்பதில்லை.

குளத்தோரம் ஏஇடி கருவி வைக்க நிர்வாகக் குழு ஒப்புக்கொண்டது. இப்போது அது சுவரில் இருக்கிறது. ஃபங்ஷன் ரூம் கண்ணாடிக்கு மட்டும் வழி கிடைக்கவில்லை. ஏர்கான் போட்டால் அரை மணி நேரத்தில் கீழ்ப்பாதி மங்கிவிடுகிறது. நாடா அணிந்தவர் கதவுக்கு வெளியேதான் நிற்கிறார்.